வாயைப் பொத்தினால் முருகன் ஒருவன்தானா?

போன வாரம் தம்பி மகள் வந்திருந்தாள். பி.எச்டி. செய்கிறாள். எலி மூளையில் ஹூ-ஆர் என்ற புரோட்டீனைப் பற்றிய ஆராய்ச்சி. ஆர்.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்ளும் புரோட்டீன் அது. போனில் ஒரு வெஸ்டர்ன் பிளாட் படத்தைக் காட்டி, "பெப்டைட் போட்டதும் பேண்ட் போயிடுச்சு பெரியப்பா. ஆன்டிபாடி சரியானதுதான்னு கைடு சொல்லிட்டார்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை, அந்த வாக்கியத்தின் மேல். லேப்பில் இருந்த காலத்தில் நானே அதைப் பல மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

பெப்டைட் என்ன செய்கிறது? புரோட்டீனின் ஒரு சின்னத் துண்டை முயலுக்கு ஊசி போட்டு ஆன்டிபாடி எடுக்கிறார்கள். அதே துண்டைத் தனியாகவும் விற்கிறார்கள். இரண்டையும் முன்கூட்டியே கலந்தால் ஆன்டிபாடியின் கைகள் நிரம்பிவிடும். பிறகு அது எதையும் பிடிக்காது. பேண்ட் மறையும்.

தெருவில் நின்று "முருகா" என்று கூப்பிடுகிறீர்கள். நாலு பேர் திரும்புகிறார்கள். உங்கள் வாயைப் பொத்தினால் ஒருவரும் திரும்ப மாட்டார்கள். அதனால் தெருவில் முருகன் ஒருவன்தான் என்று ஆகிவிடுமா?

ஹூ-ஆருக்கு ஹூ-பி, ஹூ-சி, ஹூ-டி என்று மூன்று உடன்பிறப்புகள். மூன்றும் நரம்பு செல்களில் இருப்பவை. ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும் பகுதிகளில் நாலுக்கும் ஏறக்குறைய ஒரே முகம், பிளாட்டிலும் பக்கத்துப் பக்கத்து உயரம். அந்தப் பகுதியிலிருந்து எடுத்த துண்டு என்றால் ஆன்டிபாடி யாரைப் பிடித்தாலும் பெப்டைட் மறைத்துவிடும்.

பெப்டைட் வீண் என்று சொல்லவில்லை. அதைப் போட்டும் மறையாத பேண்ட் போலி என்று காட்டிக்கொடுக்கும். மறைந்த பேண்ட் அசல் என்று மட்டும் அதனால் சொல்ல முடியாது.

இது புதுச் செய்தியும் இல்லை. 2003-லேயே சேப்பர், சாச்சென்கோ இருவரும் நரம்பியல் இதழ் ஒன்றில் இதை எச்சரித்தார்கள். 2016-ல் நேச்சர் மெத்தட்ஸ் இதழில் ஆன்டிபாடியைச் சோதிக்க ஐந்து வழிகளை ஒரு நிபுணர் குழு முன்வைத்தது. பெப்டைட் அந்த ஐந்தில் இல்லை. ஜீனை அணைத்துப் பார்ப்பது இருக்கிறது.

ஒருமுறை நான் 'சரி' சொன்ன ஆன்டிபாடியை நம்பி ஒரு மாணவர் இரண்டு வருஷம் உழைத்தார். கடைசியில் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. போட்டு அந்தப் புரோட்டீனைக் குறைத்தபோது பேண்ட் அசையவே இல்லை. அவர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

"ஹூ-ஆர் ஜீனை நீக்கிய செல்லில் பேண்ட் போகுதா பாரு. ஹூ-டியை மட்டும் நிறைய செய்யவச்ச செல்லில் புதுசா பேண்ட் வருதான்னும் பாரு" என்றேன்.

"செலவாகும், கைடு கோபிப்பார் பெரியப்பா."

கைடுகளே, கோபிக்காதீர்கள். ஒரு மாசச் செலவை மிச்சம் பிடிக்க அந்தப் பிள்ளையின் இரண்டு வருஷத்தை எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை. எனக்கும் இருக்கவில்லை.