கூட வந்தவரின் கையெழுத்து

"பேஷண்ட் கூட வந்தவங்க யாரு? இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க." இந்தக் குரல் கேட்டதும் எழுந்து ஓடி, நர்ஸ் விரல் வைத்த இடத்தில் போட்டுவிட்டு வருகிறோம். எதற்கென்று கேட்பதில்லை. நோயாளி உள்ளே தெளிவான நினைவோடு படுத்திருக்கும்போதே அவரை விட்டுவிட்டு நம்மைக் கேட்கிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

1995இல் டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர், திருமணமாகாதவர், நிற்காத உதிரப்போக்குக்காக மருத்துவரிடம் போனார். மயக்க மருந்து கொடுத்து லேப்ராஸ்கோப்பி மூலம் உள்ளே பார்ப்பது என்று ஏற்பாடு. அவர் மயக்கத்தில் இருக்கும்போது உதவி மருத்துவர் வெளியே வந்து, காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கினார். கர்ப்பப்பையும் இரண்டு சினைப்பைகளும் அகற்றப்பட்டன. கண் விழித்த பிறகுதான் அந்தப் பெண்ணுக்கே தெரிந்தது.

தேசிய நுகர்வோர் ஆணையம் அவருடைய புகாரைத் தள்ளிவிட்டது. உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தீர்ப்பளித்தது. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது. உயிருக்கு ஆபத்து இல்லாதபோது, மயக்கம் தெளியும்வரை காத்திருந்து அவரிடமே கேட்டிருக்க வேண்டும். தானே முடிவெடுக்கக்கூடிய வயது வந்த மகளுக்காகத் தாய் சம்மதிக்க முடியாது. மருத்துவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார் என்பதையும் நீதிமன்றம் ஏற்றது. ஆனாலும் கட்டணம் கேட்க உரிமையில்லை என்றது, 25,000 ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. இழந்ததற்கு அந்தத் தொகை மிகக் குறைவு என்பது என் எண்ணம். ஆனால், நல்லதுதானே செய்தோம் என்ற பதில் போதாது என்று சொன்னதே, அதற்காக அந்தத் தீர்ப்பை மதிக்கிறேன்.

தீர்ப்பு வந்தும் வழக்கம் மாறவில்லை. ஒரு காரணம் விதியிலேயே இருக்கிறது. இந்திய மருத்துவ கவுன்சில் 2002இல் வகுத்த நெறிமுறை, அறுவைக்கு முன் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டியவர்களைச் சொல்லும்போது கணவன் அல்லது மனைவியில் தொடங்கி, சிறார் என்றால் பெற்றோர், காப்பாளர் என்று போய், நோயாளியைக் கடைசியில் வைக்கிறது. மலட்டுத்தன்மை ஏற்படக்கூடிய அறுவை என்றால் கணவன், மனைவி இருவர் சம்மதமும் வேண்டும் என்கிறது. ஆனால் 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம், 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதமே போதும் என்று தெளிவாகச் சொல்கிறது. சட்டம் கேட்காத கணவரின் கையெழுத்தை மருத்துவமனைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. மாமியாரையும் கூட்டிவரச் சொல்லும் இடங்கள் உண்டு.

மருத்துவர்களின் பக்கமும் தெரியும். ஓ.பி.யில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேச நேரம் ஏது? பிறகு சண்டைக்கு வரப்போகிறவர்கள் உறவினர்கள்தானே என்ற பயமும் நியாயமானது. அவசர சிகிச்சையில் யாரையும் காத்திருக்கச் சொல்ல முடியாது, சட்டமும் சொல்லவில்லை. நான் கேட்பது நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷனைப் பற்றி. முந்தின நாளே, கத்தியைப் பிடிக்கப்போகும் மருத்துவரே வந்து, எதை எடுக்கப்போகிறார், எடுக்காவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா என்று நோயாளியிடம் தமிழில் சொல்லட்டும். படிவமும் தமிழில் இருக்கட்டும். உள்ளே போன பிறகு வேறு ஏதாவது தென்பட்டால் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதையும் அப்போதே அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.