மகளின் புத்தகத்தை உம்மாவும் திறக்கலாம்



"மகள் சங்கீதம், இலக்கியம், ஊடகம், புள்ளிவிபரம் என்று ஏதேதோ படிக்கிறாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எனக்கு என்ன விளங்கும்?" என்று கேட்கும் தாய்மார் மஹய்யாவையிலும் உண்டு, அக்குறணையிலும் உண்டு. அடிப்படை விளங்கும். இம்மாதம் அதை மட்டும் பார்ப்போம்.

வாத்தியக் கருவிகள் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த வழக்கை இங்கே எடுக்கவில்லை. தாளம்தான் பேச்சு. ஹிஜ்ரி 2ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் அவர்களுக்குக் கன்னார் கடையின் சம்மட்டி ஓசையைக் கேட்டபோதுதான் அரபுக் கவிதையின் சந்தக் கணக்குப் பிடிபட்டது என்று சரித்திரக்காரர் எழுதுகிறார்கள். 15 சந்தங்களை வகுத்தார். மத்ரஸாவில் நாங்கள் 'அரூழ்' என்று ஓதுவது அவர் போட்ட அத்திவாரம். நீங்கள் தொட்டில் ஆட்டிப் பாடும் தாலாட்டை மேசையில் விரலால் தட்டிப் பாருங்கள். நீளும் அசையும் குறுகும் அசையும் எங்கே திரும்பி வருகின்றன என்பது தெரியும்.

அதே கலீல் அகராதி தொகுத்தபோது மூன்று எழுத்துக்களை இடம் மாற்றினால் ஆறு சொல் அமையும் என்று எண்ணிப் பார்த்தார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து அல்கிந்தி, இரகசியக் கடிதத்தில் எந்த எழுத்து அதிகம் வருகிறது என்று எண்ணி அதை வாசிக்கும் வழியை எழுதினார். புள்ளிவிபரத்தின் முதற்படியும் இப்படி எண்ணுவதுதான்.

எண்ணியதை எப்படிச் சொல்கிறார்கள் என்பதில்தான் விழிப்பு வேண்டும். ஒரு சந்தில் ஐந்து வீடுகள் என்று வையுங்கள். மாத வருமானம் 40,000, 45,000, 50,000, 55,000. ஐந்தாவது வீட்டில் வெளிநாட்டுச் சம்பளம், 3,10,000. கூட்டி ஐந்தால் பிரித்தால் ஒரு இலட்சம். இதுதான் மகளின் புத்தகத்தில் வரும் 'இடை'. ஸகாத் பட்டியல் போடுபவர் இதை மட்டும் பார்த்தால், "இந்தச் சந்தில் கஷ்டப்பட்டவர் இல்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். நான்கு வீடுகளில் அந்த இலட்சத்தின் பாதியை ஒட்டிய தொகைதான் இருக்கிறது! வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 50,000. அது 'இடையம்'. இனி யாராவது சராசரி என்று சொன்னால், நடுவீட்டுக்காரருக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

இலக்கியத்துக்குத் தூரம் போக வேண்டாம். கண்டியில் பிறந்து நம் மஹய்யாவையிலேயே அடக்கமாகியிருக்கும் அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் 'அசன்பேயுடைய சரித்திரம்' எழுதினார். தமிழின் முதல் நாவல்களுள் அதுவும் ஒன்று. உபதேசம் எழுதத் தெரிந்த சட்டத்தரணி ஏன் கதை எழுதினார்? உபதேசத்தைப் பாதியில் மூடி வைப்பவர்களும் கதையின் முடிவைத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டார்கள் என்பது என் எண்ணம். கண்டியில் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை திறந்தவரும் அவர்தான்.

பொட்காஸ்ட் என்றதும் மிரள வேண்டாம். அடுப்படியில் வானொலி முஸ்லிம் சேவை கேட்டவர்கள்தானே நீங்கள்! இதைக் கைத்தொலைபேசியில் பதிந்து வைத்து வேண்டிய நேரம் கேட்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம். பதியும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். உடுப்பு நிறைந்த அறை நல்லது, துணி எதிரொலியை உறிஞ்சிவிடும். போன் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும்.

முதலில் உம்மும்மாவைப் பேச வையுங்கள். "அந்தக் காலம் கஷ்டப்பட்டோம்" என்பார். அத்தோடு விடாதீர்கள். அன்று என்ன ஆக்கினீர்கள், எத்தனை பேர் சாப்பிட்டீர்கள், யாருக்குக் காணாமல் போனது என்று கேளுங்கள். சொல்வதை மகள் அப்படியே எழுதட்டும். அவளுடைய ஆக்க எழுத்துப் பயிற்சியில் பாதி முடிந்துவிடும்.