அக்காவுக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்கு எமனாகலாம்

1/ மக்களே, இது கொஞ்சம் நீளமான இழை. வீட்டில் யாருக்காவது ஒற்றைத் தலைவலி இருந்தால் கடைசி வரை படிங்க.

2/ வேடசந்தூர் பக்கம் நூல் மில்லில் வேலை பார்க்கும் பெண் (அடையாளம் தெரியாமலிருக்க சில விவரங்களை மாற்றியிருக்கேன்). ராத்திரி மூச்சுத்திணறலோடு வந்தாங்க. "என்ன மாத்திரைம்மா சாப்பிட்டீங்க?"னு கேட்டேன். "தலைவலிக்கு சார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு நல்லா கேட்டுச்சு. அதே சீட்டைக் காட்டி வாங்கினேன்."

3/ அது ப்ரோப்ரனோலால். மைக்ரேனுக்கு நல்ல மருந்துதான். ஆனால் ஆஸ்துமா இருப்பவருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். இவங்களுக்குச் சின்ன வயசிலிருந்தே வீசிங்.

4/ விசாரிச்சா இன்னொன்றும் வந்தது. தலைவலி வரும்போது இடது கை தூக்க வராதாம், பேச்சு குழறுமாம், பிறகு தானாகச் சரியாகிடுமாம். அம்மாவுக்கும் அப்படித்தானாம். இதுக்கு ஹெமிப்ளீஜிக் மைக்ரேன்னு பேர். சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு வரும் அரிய வகை. பரம்பரையாகவும் வரும்.

5/ இந்த வகைக்கு ரத்தக்குழாயைச் சுருக்கும் எர்கோட்டமின், ட்ரிப்டான் மாத்திரைகள் கூடாது. எர்கோட்டமினும் காஃபினும் கலந்த தலைவலி மாத்திரையைச் சீட்டே இல்லாமல் கேட்டு வாங்குபவர்கள் எத்தனை பேர்!

6/ "அப்போ எதுதான் நல்ல மாத்திரை டாக்டர்?" கேள்வியே தப்பு. "எனக்கு எது?"ன்னு கேளுங்க.
ஃப்ளுனாரிசின்: மனச்சோர்வு இருந்தால் ஆகாது, எடையும் கூடும்.
டோபிராமேட்: கிட்னி கல் இருந்தால் யோசிக்கணும்.
வால்ப்ரோயேட்: கர்ப்பமாகும் வாய்ப்புள்ள பெண்களுக்குத் தவிர்க்கணும், குழந்தையின் தண்டுவடத்தைப் பாதிக்கும்.
நீர்க்கட்டிக்குத் தரும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை: கண்ணில் மின்னல், மரத்துப்போதல் என அறிகுறியோடு வரும் மைக்ரேன் இருந்தால் பக்கவாத ஆபத்தைக் கூட்டும்.

7/ வலி மாத்திரையே தலைவலியை உண்டாக்கும், தெரியுமா? சாதா மாத்திரை மாதம் 15 நாள், கலவை மாத்திரை 10 நாள்னு மூணு மாசத்துக்கு மேல் போனால் அந்த நிலைமைதான்.

8/ "ஜி.எச். வந்தா ஒரு நாள் கூலி போகுதே"ன்னு திட்டுவீங்க. நியாயம்தான். எங்க மேலயும் தப்பு இருக்கு. ஓ.பி. கூட்டத்தில் "தலைவலியா? இந்தாங்க"ன்னு இரண்டு நிமிஷத்தில் அனுப்பிடறோம். வீசிங் இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்க அரை நிமிஷம் போதும். டாக்டர் கேட்கலைன்னா நீங்களே சொல்லுங்க: வீசிங், பி.பி., இதயம், கிட்னி கல், கர்ப்பம், மனச்சோர்வு, சாப்பிடும் மற்ற மாத்திரைகள்.

9/ ரொம்ப முக்கியம்: திடீர்னு ஒரு பக்கம் கை கால் விழுந்தால், வாய் கோணினால் "மைக்ரேன்தான்"னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. வாயு, காத்து கருப்புன்னும் உட்காராதீங்க. உடனே 108. பக்கவாதமா இருந்தால் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

10/ அந்தப் பெண் பிழைச்சுட்டாங்க. இப்போ அவங்க உடம்புக்கு ஏற்ற மருந்தில் இருக்காங்க. சேலையை இரவல் கொடுங்க, நகையைக் கூடக் கொடுங்க. மாத்திரைச் சீட்டை மட்டும் கொடுக்காதீங்க.