பழுதானது கமரா அல்ல

பாடசாலையில் இருக்கும் ரெஸ்பெரி பை கமரா பழுதாம், புதுசு வாங்க ஊரில் காசு சேர்க்க வேண்டுமாம் என்று இரண்டு கிழமையாகப் பேச்சு ஓடுகிறது. சகோதர சகோதரிகளே, காசைக் கொடுக்க முன்னர் இதை ஒருதரம் வாசியுங்கள்.

கமரா பழுதாகவில்லை. நாங்களும் தரம் 10 பிள்ளைகளும் ஒரு பின்னேரம் இருந்து பார்த்தோம். இப்போது படம் தெளிவாக வருகிறது. செலவு ஒரு சதமும் இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். ரெஸ்பெரி பை ஸீரோ என்பது 65 மில்லிமீற்றர் நீளமும் 30 மில்லிமீற்றர் அகலமும் உள்ள ஒரு முழுக் கணினி. அதில் கமராவைப் பூட்டி, உரிய மென்பொருளைப் போட்டு, மடிக்கணினியில் கொழுவினால், மடிக்கணினி அதைக் கடையில் வாங்கிய வெப்கேம் போலவே எடுத்துக்கொள்ளும். ஸூம் வகுப்புக்கு அதுவே போதும்.

அந்தப் பலகையில் பார்வைக்கு ஒரே மாதிரியான இரண்டு சின்ன யூஎஸ்பி துளைகள் உண்டு. ஒன்று மின்சாரத்துக்கு மட்டும். மற்றதில் மின்சாரமும் போகும், தரவும் போகும். மாறிக் கொழுவினால் லைட் எரியும், படம் வராது. கேபிளும் அப்படித்தான். தரவு கேபிளுக்குள் மின்சாரத்துக்கு இரண்டு கம்பி, தரவுக்கு இரண்டு கம்பி. மலிவான சார்ஜர் கேபிள் பலவற்றில் தரவுக் கம்பிகளே இல்லை. அதைக் கொழுவினாலும் லைட் எரியும், படம் வராது.

நடந்தது இதுதான். சார்ஜர் கேபிளோடு கடைக்குப் போனது. "லைட் எரியுது, படம் வரல்ல, போர்ட் செத்துட்டு" என்று தீர்ப்பு வந்தது. கேபிளை மாற்றிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பாவனைக்கு உதவாதது என்று எழுதி அலுமாரியில் வைக்கவும் ஆயத்தமாகிவிட்டார்கள்.

ஒரு பிள்ளை வீட்டிலிருந்து பழைய போன் கேபிளைக் கொண்டுவந்தாள். போனிலிருந்து கணினிக்குப் படம் ஏற்றுகிற கேபிள், ஆகவே தரவு போகும் என்பது அவளுடைய கணக்கு. கொழுவினோம், அரை நிமிடம் பொறுத்தோம். கமராவின் பெயர் மடிக்கணினியில் வந்தது. ஆனால் படம் கறுப்பு. பெயர் வந்துவிட்டதென்றால் கேபிளும் துளையும் சரி; பிழை இனிக் கமராப் பக்கம். நாடா வயரைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் சரிந்து செருகியிருந்தது. நேராகச் செருகிக் கிளிப்பை அழுத்தியதும் படம் வந்தது.

வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்கும் ஒரு சொல். பழைய வீடியோவைப் பார்த்துச் செய்து, சரிவரவில்லை என்று பலகையைக் குறை சொல்லாதீர்கள். 2021 இல் ரெஸ்பெரி பையின் பணிசெயல் முறைமையில் கமராவை இயக்கும் முறையே மாறியது. 2023 இல் அமைப்புக் கோப்பு இருக்கும் இடமும் மாறியது. பழைய கட்டளை புதியதில் வேலை செய்யாது.

"இதைவிட ஒரு வெப்கேம் வாங்கினால் முடிந்ததே" என்பார்கள். படம் மட்டும்தான் தேவையென்றால் அது நியாயம். ஆனால் இது ஏற்கனவே நம் கையில் இருக்கிறது. 2022 இல் ரூபா விழுந்த பிறகு இறக்குமதிச் சாமான் விலை என்னவென்று ஊருக்குத் தெரியும். அந்தக் காசுக்குக் கொப்பி வாங்க வழியில்லாத பிள்ளைகள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள்.

"பரீட்சைக்கு இது வராதே" என்பார்கள். உள்ளீட்டுச் சாதனம், வன்பொருள், மென்பொருள் என்று பிள்ளைகள் பாடமாக்கி எழுதுகிறார்கள். அதே பிள்ளை அன்று பின்னேரம் பிழை வன்பொருளிலா மென்பொருளிலா என்று தானே பிரித்தாள். எது படிப்பு?

நம் ஊரில் பிள்ளை ஒரு சாமானைத் தொட்டால் முதலில் கேட்பது "கை வைக்காதே, உடைஞ்சிரும்" என்ற சத்தம்தான். நன்கொடையாக வந்த சாமானைப் பூட்டி வைத்து, பழுதென்று எழுதி, மறுபடியும் நன்கொடை கேட்கிறோம். கொடுப்பவர்களுக்கும் இது அநியாயம்.

ஆகவே பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமும் பழைய மாணவர்களிடமும் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். அந்தக் காசு சேர்ப்பை நிறுத்துங்கள். எந்தச் சாமானையும் பழுதென்று எழுத முன்னர் ஒரு கிழமை பிள்ளைகளிடம் கொடுங்கள். வீட்டில் சும்மா கிடக்கும் தரவு கேபிள்கள் இருந்தால் பாடசாலைக்கு அனுப்பி வையுங்கள். அலுமாரியில் "பழுது" என்று இன்னும் இரண்டு பெட்டி இருக்கிறது. அடுத்த கிழமை அதையும் திறக்கப் போகிறோம். பெற்றார் வந்து பார்க்கலாம்.