வக்கீல் கிருஷ்ணஸ்வாமி ஐயர்

1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தது என்ற செய்தி சென்னைப் பட்டணத்தில் பரவியபோது, வெள்ளைக்காரக் கம்பெனியின் கௌரவத்தை நம்பித் தம் ஆயுட்காலச் சேமிப்பையெல்லாம் அங்கே போட்டு வைத்திருந்த பென்ஷன்தாரர்களும், விதவைகளும், சிறு வியாபாரிகளும் அடைந்த துயரம் எழுத்தில் அடங்குவதன்று. கம்பெனியின் தலைவரான ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட் பின்னர் 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். ஆயினும் தண்டனையால் போன பணம் திரும்பிவிடுமா? அச்சமயத்தில் பணத்தை இழந்தவர்களின் பக்கம் நின்று வாதாடிய மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர், வழக்கோடு தம் கடமை தீர்ந்ததென்று கேஸ் கட்டுகளை மூடி வைத்துவிடாமல், நம் நாட்டார் பணத்தை நம் நாட்டாரே காக்கும் ஸ்தாபனம் ஒன்று அவசியம் என்று துணிந்து, நாட்டுக்கோட்டைச் செட்டியார்களையும் நகரத்துப் பிரமுகர்களையும் ஒன்றுகூட்டி முயன்றதன் பயனாக, 1907-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்தியன் பாங்க் பதிவாயிற்று. அவ்வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதி தொழிலும் தொடங்கிற்று.

ஒரு மூத்த வக்கீலின் ஜீவியத்தை மதிப்பிடுகிறவர்கள், அவர் வென்ற அப்பீல்களை எண்ணுவதற்கு முன்னால், கட்சிக்காரர்கள் அவரிடம் வைத்த நம்பிக்கையை அவர் எதற்காகச் செலவிட்டார் என்று கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அக்கேள்விக்கு இவ்வளவு நிறைவான விடை தரக்கூடியவர்கள் நம் நியாயஸ்தலங்களின் சரித்திரத்தில் வெகு சிலரே.

தஞ்சை ஜில்லாவின் திருவிடைமருதூரில் 1863-இல் பிறந்த ஐயர், பாரிஸ்டர்களின் ஆதிக்கம் ஓங்கியிருந்த காலத்தில் வக்கீலாகச் சென்னை ஹைகோர்ட்டில் நுழைந்து, தம் வாக்கு வன்மையாலும் உழைப்பாலும் முன்வரிசைக்கு வந்தவர். மயிலாப்பூர் நண்பர்களோடு சேர்ந்து, 1891-இல் தோன்றிய மதராஸ் லா ஜர்னலை வளர்த்தவர். கைநிறையப் பொருள் ஈட்டினார். ஈட்டியது போலவே கொடுத்தார். ஏழைகளுக்கு மருந்து வழங்க வேங்கடரமணா ஆயுர்வேத வைத்தியசாலையும், சாஸ்திரக் கல்வி நசித்துவிடாதிருக்க 1906-இல் ஸம்ஸ்கிருத கலாசாலையும் மயிலாப்பூரில் அவர் முயற்சியால் எழுந்தன. கலாசாலையின் தலைமைக்கு இருபத்தைந்து வயதைச் சற்றே கடந்திருந்த குப்புஸ்வாமி சாஸ்திரியாரைத் தேர்ந்தெடுத்தார் என்பதிலிருந்தே, வயதைப் பாராமல் தகுதியைப் பார்க்கும் அவருடைய கண்ணின் கூர்மை விளங்கும்.

இவை எல்லாவற்றினும் மேலாக என் நெஞ்சைக் கவர்வது, பாரதியார் விஷயத்தில் அவர் நடந்துகொண்ட விதம். ஐயர் மிதவாதி, பாரதியாரோ திலகரைக் குருவாகக் கொண்ட தீவிரவாதி, மிதவாதிகளைத் தம் பத்திரிகையில் சிறிதும் தயவின்றித் தாக்கி வந்தவர். அத்தகைய இளைஞரை ஜி. ஏ. நடேசன் அழைத்து வந்தபோது, அவர் பாடக் கேட்டு உருகிய ஐயர், பழைய வசைகளையெல்லாம் மனத்தில் கொள்ளாமல், அந்தத் தேசிய கீதங்களைத் தம் செலவிலேயே அச்சிடுவித்து, ஆயிரக்கணக்கான பிரதிகளை இலவசமாக வழங்கச் செய்தார். மகாகவி என்ற பெயர் பாரதியாருக்கு வராத காலம் அது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். எதிர்க்கட்சி வக்கீலின் வாதத்தில் உள்ள நியாயத்தையும் அறிந்து மதிக்கும் பழக்கம், கோர்ட்டு வாசலைத் தாண்டியும் அவரோடு வந்திருக்கிறது.

அவருடைய அரசியலை முழுதும் ஒப்புக்கொள்ள என்னால் இயலாது. வெள்ளை அரசாங்கத்தின் நீதி உணர்ச்சியில் அவர் வைத்திருந்த நம்பிக்கை மிகையானது என்பதைப் பிற்காலம் காட்டிவிட்டது. அவருடைய தர்மங்களில் சில மயிலாப்பூர் வாசிகளுக்கும் ஒரு வகுப்பாருக்குமே பெரிதும் பயன்பட்டன என்று சொல்வோர் உண்டு. அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் பாங்கில் பணம் போட வந்தவரிடமும், வைத்தியசாலையில் மருந்துக்கு நின்ற நோயாளியிடமும் பயனடைந்த கணக்கைக் கேட்டால், அந்தக் குறையின் அளவு தானே குறைந்துவிடும்.

1909-இல் ஹைகோர்ட்டு நீதிபதியாகவும், 1911-இல் கவர்னரின் நிர்வாக சபை அங்கத்தினராகவும் உயர்ந்த அவர், அவ்வருஷம் டிசம்பர் 28-ஆம் தேதி, நாற்பத்தெட்டே வயதில் காலமானார். சென்னைச் சர்வகலாசாலையின் செனட் மண்டப வளாகத்தில் அவருக்குச் சிலை உண்டு. மாலை போடுவதோடு நாம் நின்றுவிடலாகாது. இன்று ஸீனியர் என்ற மதிப்போடு விளங்கும் வழக்கறிஞர்கள் ஒவ்வொருவரும், தம் சொந்த ஊரிலோ தாம் வசிக்கும் பேட்டையிலோ நலிந்து கிடக்கும் ஒரு நூல்நிலையத்தையோ, பாடசாலையையோ, இலவச வைத்தியசாலையையோ ஏற்று நடத்த முன்வர வேண்டும். தம் ஜூனியர்களையும் அந்தப் பணியில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மிகுந்த பணிவோடு வேண்டிக்கொள்கிறேன்.