தேவகி ஏன் தவேகி ஆகிறாள்?

ஊரை விட்டு வந்த நம்மைப் போன்றவர்கள் வீட்டில் அச்சடித்த தமிழ் என்று இப்போது என்ன மிச்சம் இருக்கிறது? பிள்ளைகளின் தமிழ் வகுப்புச் சான்றிதழ், பொங்கல் விழா அழைப்பிதழ், சங்கத்துச் சந்தா ரசீது. அவ்வளவுதான். இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து அச்சுக் கோப்பதில்லை. பெயர்ப் பட்டியலை ஒரு நிரலிடம் கொடுத்தால், அது நூறு பிடிஎஃப் செய்து தள்ளிவிடுகிறது. தள்ளுகிற வேகத்தில் பெயரையும் கொலை செய்துவிடுகிறது.

தொம்மலூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அப்படி ஒரு சான்றிதழ் வந்தது. பெயர் தேவகி என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளில் இருந்தது 'தவேகி'. "மாமா, இது என் பேரே இல்லையே" என்றாள். அப்பாவோ, "விடுங்க சார், அடுத்த தடவை இங்கிலீஷ்லயே போடச் சொல்லிடலாம்" என்றார். எனக்குக் கவலை அந்தத் தப்பு இல்லை, இந்தப் பதில்தான். ஒரு வருடம் கஷ்டப்பட்டுத் தமிழ் படித்த குழந்தைக்கு, 'உன் பெயரைத் தமிழில் அச்சடிக்க முடியாது' என்று நாமே சொல்லிக் கொடுக்கிறோம். அது உண்மையும் இல்லை.

நடப்பது இதுதான். கோப்புக்குள் தேவகி ஒலிக்கும் வரிசையில் இருக்கிறாள்: முதலில் த, பிறகு இரட்டைக் கொம்பு, பிறகு வ, கி. யூனிகோடின் ஏற்பாடு அப்படி. தேடுவதற்கும் அகர வரிசைப்படுத்துவதற்கும் அதுதான் வசதி. தாளில் மட்டும் கொம்பு த-வுக்கு முன்னால் வர வேண்டும். 'கொ' என்றால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் பிரிய வேண்டும். 'கு' என்றால் இரண்டும் சேர்ந்து ஒரே வடிவமாக வேண்டும். இதற்கான விதிகள் எழுத்துருவுக்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் அவற்றைப் படித்து நடத்திவைக்க ஒரு தனி நிரல் வேண்டும். உலாவியில் அது உண்டு, அதனால் திரையில் தமிழ் சரியாகத் தெரிகிறது. பிடிஎஃப் செய்யும் பல நிரல் நூலகங்களில் அது இல்லை. வந்த வரிசையில் எழுத்துகளை அடுக்கிவிட்டுப் போய்விடும். மேகலா மகேலா ஆவதும், சேகர் சகேர் ஆவதும் இப்படித்தான்.

இதில் பாதிப் பேர் அதற்கு முந்தைய படியிலேயே விழுகிறார்கள். பிடிஎஃப்புடன் எப்போதும் இருப்பதாக எண்ணப்படும் 14 எழுத்துருக்களில் தமிழ் கிடையாது. தமிழ் எழுத்துருவை நாமாக ஏற்றி, கோப்புக்குள் பதித்தும் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் வெறும் கட்டம் கட்டமாகத்தான் வரும்.

"தமிழ் எழுத்து சிக்கல் சார்" என்பார்கள் நிரல் எழுதும் நண்பர்கள். இதே தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலில் பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. உளி பிடித்தவருக்குக் கொம்பை எந்தப் பக்கம் போடுவது என்று தெரிந்திருந்தது. நம் நிரலுக்கு யாரும் அதைச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அச்சுக்காரர்களின் எரிச்சல் புதிதல்ல. தமிழக அரசு 2010-ல் யூனிகோடோடு டேஸ்16 என்ற குறியேற்றத்தையும் ஏற்றுக்கொண்டது. அதில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண், கொம்பை இடம் மாற்றும் வேலையே கிடையாது. அன்றைக்கு அந்தக் கோரிக்கையில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த எண்கள் யூனிகோடின் தனியார் பயன்பாட்டுப் பகுதியில் இருப்பவை. அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கு அவை தமிழே இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்து ஒப்பேற்றுவதும் இதே கதை. தாளில் அழகாக வரும், பிடிஎஃப்பிலிருந்து காப்பி செய்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் கிடைக்கும். பெயரைப் படமாக ஒட்டினாலோ, தேடினால் கிடைக்காது.

இன்று அந்தச் சமாதானங்கள் எதுவும் தேவையில்லை. ஹார்ஃப்பஸ் என்ற இலவச நிரல் எழுத்துருவின் விதிகளைப் படித்துக் கொம்பை உரிய இடத்தில் வைத்துவிடும். ஃபயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆபீஸ் எல்லாவற்றிலும் உழைப்பது அதுதான். பைதானின் எஃப்பிடிஎஃப்2 நூலகத்திலும் 2023 முதல் அதை இணைத்துக்கொள்ளலாம். எதுவும் ஒத்துவரவில்லையா? பக்கத்தை எச்டிஎம்எல்லாகச் செய்து, குரோமைத் திரை இல்லாமல் ஓடவிட்டு பிடிஎஃப் எடுங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை என்று திறந்த உரிமத்தில் நல்லவை கிடைக்கின்றன. காசு ஒரு தடையே இல்லை.

எனவே இரண்டு வேண்டுகோள்கள். நிரல் எழுதுபவர்களுக்கு: தேவகி, கொழுந்து, கூடு, கௌசல்யா, லக்ஷ்மி, ஸ்ரீ என்று ஒரு சோதனைப் பக்கம் அச்சடித்துப் பாருங்கள். பிறகு அதை பிடிஎஃப்பிலிருந்து காப்பி செய்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். சில கருவிகளில் கண்ணுக்குச் சரியாக இருக்கும், ஒட்டும்போது கொம்பு இடம் மாறிவிடும். இரண்டிலும் தேறினால்தான் வேலை முடிந்தது. கன்னட நண்பர்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு ஒத்தெழுத்து வேறு கீழே தொங்க வேண்டும், நம்மைவிடப் பாவம் :-)

பெற்றோருக்கு: உடைந்த பெயரோடு வரும் தாளை வாங்கிக்கொள்ளாதீர்கள். சண்டை வேண்டாம், "சரிசெய்து கொடுங்க" என்று திருப்பிக் கொடுத்தால் போதும். 'ஆங்கிலத்திலேயே போடுங்கள்' என்பதை மட்டும் சொல்லாதீர்கள். பத்துப் பேர் திருப்பிக் கொடுத்தால், பதினோராவது சான்றிதழ் ஒழுங்காக வரும்.