சுட்டிகளின் திரையில் யாருடைய கதை?

எழுத்தை அறியும் முன்பே குழந்தை சின்னத்தை அறிந்துவிடுகிறது. ‘அ’ எதுவெனத் தெரியாத மூன்று வயதுப் பிள்ளையும் திரையின் மூலையில் உள்ள முத்திரையைப் பார்த்துத் தனக்குரிய அலைவரிசையைச் சொல்லிவிடும். சிறுவர் தொலைக்காட்சியின் பெயரையும் சின்னத்தையும் வெறும் விளம்பர விவகாரமாக ஒதுக்க முடியாததற்கு இதுவே காரணம்.

அமெரிக்காவின் நிக்கலோடியன் 1984-இல் ஆரஞ்சு வண்ணச் சின்னத்தை ஏற்றது. நிறம் மாறாது, வடிவம் எப்படி வேண்டுமானாலும் மாறலாம் என்பதே அதன் விதி. குழந்தையின் மனம் அறிந்த ஏற்பாடு அது. ஆனால், 2009-இல் துணை அலைவரிசைகள் அனைத்துக்கும் ஒரே தோற்றம் தேவைப்பட்டபோது, அந்தச் சுதந்திரம் முடிவுக்கு வந்து வெறும் எழுத்துச் சின்னம் நிலைத்தது. 2023-இல் ஆரஞ்சுச் சிதறல் மீண்டும் வந்தது. 1992-இல் கறுப்பு வெள்ளைக் கட்டங்களோடு தொடங்கிய கார்ட்டூன் நெட்வொர்க்கும் 2004-இல் அவற்றைக் கைவிட்டு, 2010-இல் கட்டங்களுக்கே திரும்பியது. சின்னங்கள் வணிகத்துக்காக மாறுகின்றன. பார்த்து வளர்ந்தோரின் நினைவோ எளிதில் மாறுவதில்லை.

தமிழில் நடந்தது வேறு. உலக நிறுவனங்கள் ஒரே ஆங்கிலப் பெயரை எல்லா மொழிகளுக்கும் சுமந்து வந்தன. சன் குழுமம் 2007-இல் தமிழுக்கு ‘சுட்டி’ என்று பெயரிட்டது. தொடர்ந்து தெலுங்குக்குக் ‘குஷி’, கன்னடத்துக்குச் ‘சிண்ட்டு’, மலையாளத்துக்குக் ‘கொச்சு’ எனப் பெயர்கள் வந்தன. ஒவ்வொரு மொழியிலும் வீட்டுக்குள் புழங்கும் சொல்லே முத்திரையானது. தமிழ்ச் சிறுவர் தொலைக்காட்சி வரலாற்றில் மிகச் சரியான முடிவு அதுவே என்பேன்.

ஆனால், பெயர் நம்முடையதாக இருந்த அளவுக்குக் கதை நம்முடையதாக இல்லை. சுட்டியின் புகழ்பெற்ற நாயகி டோரா, மொழிமாற்றத்தில் தமிழ் பேசிய அமெரிக்கச் சிறுமி. அண்மையில் கொல்லிமலை சென்றிருந்தேன். எழுபது கொண்டையூசி வளைவுகளைத் தாண்டியும் வீட்டுக் கூரைகளில் டிஷ் தட்டுகள் நிற்கின்றன. செம்மேட்டுக் கடையில் தொங்கிய பள்ளிப் பைகளில் சிரித்தவை எல்லாம் வெளிநாட்டுக் கார்ட்டூன் முகங்கள். சாமையும் தினையும் விளையும் மலை அது; வல்வில் ஓரியின் நாடு. அங்கு வளரும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளை தன் ஊரையோ, தன் பேச்சையோ திரையில் காண்பது அரிது.

அயல்கதைகளை நான் வெறுக்கவில்லை. டோராவின் வரைபடமும் முதுகுப்பையும் நம் பிள்ளைகளின் கற்பனையை விரித்தன. உருவாக்குவதைவிட மொழிமாற்றம் மலிவு என்பதும் உண்மை. ஆனால், சந்தை செய்யாததைச் செய்யவே அரசு இருக்கிறது. 2019-இல் தமிழக அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது பாடங்களை வீட்டுக்கே கொண்டுசென்றது. பாடத்துக்கு இடம் தந்த அந்தத் திரை, கதைக்கும் இடம் தரவேண்டும். மாவட்டம்தோறும் நாட்டார் கதைகளைத் தொகுத்து, உள்ளூர் ஓவியர்களையும் அசைபட இளைஞர்களையும் கொண்டு ஆண்டுக்குச் சில தொடர்களேனும் உருவாக்கலாம். தனியார் அலைவரிசைகளும் அவற்றை வாங்கி ஒளிபரப்ப முன்வரலாம்.

சுட்டியைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்று இருபதுகளில் இருக்கிறார்கள். நாளை அவர்களின் பிள்ளைகள் திரைமுன் அமர்வார்கள். தமிழ்ப் பெயருக்குள் தமிழ் நிலத்தையும் வைத்துத் தரும் பொறுப்பு நமக்கு இருக்கிறது.